இயந்திரத்தின் அனுமானம்

வீட்டு மேசையின் மேல் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர், ‘காகிதம் சிக்கியிருக்கிறது’ என்று தன் சின்னஞ்சிறு திரையில் எழுதிக் காட்டும்போதோ, திரை இல்லாத மலிவான ரகமானால் ஆரஞ்சு விளக்கொன்றை விட்டுவிட்டு மினுக்கும்போதோ, நாம் அதை நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலமாகவே ஏற்றுக்கொண்டு, மூடியைத் திறந்து, கண்ணில் பட்ட தாளின் நுனியைப் பற்றி இழுத்து, கிழிந்து வந்ததைக் கசக்கிக் கூடையில் எறிந்துவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்துகிறோம். அப்போதைக்குக் காரியம் நடந்துவிடுகிறது. நாலு பக்கம் போன பிறகு அதே விளக்கு, அதே மினுக்கல். இவ்விதம் திரும்பத் திரும்ப வருகிற சிக்கலைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன். என்றோ ஒருமுறை நேர்ந்து ஒழிகிற சிக்கலுக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, இழுத்தால் தீர்ந்தது.

அந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாள் செல்லும் பாதையில் ஓரிடத்தில், பாதி விரல் நீளம்கூட இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. தாளின் முன்விளிம்பு வந்து அதை முட்டிச் சாய்க்கும்போது, நெம்புகோலின் மறுமுனை, எதிரெதிராக வைத்த ஓர் ஒளிமூலத்துக்கும் அவ்வொளியை வாங்கும் உணர்விக்கும் நடுவே நுழைந்தோ நடுவிலிருந்து விலகியோ, ‘வந்தது’ என்ற ஒற்றைச் செய்தியை உள்ளே அனுப்புகிறது; பின்விளிம்பு கடந்ததும் நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பி, ‘போயிற்று’ என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கு ஒன்றுதான் இயந்திரத்தின் கைவசம் உள்ள மற்றச் சாதனம். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்கு உரிய சுற்றுகளும், மேற்கொண்டு கொஞ்சம் சலுகையும் தீர்ந்த பின்னும் நெம்புகோல் நிமிராவிட்டால், தாள் உள்ளே நின்றுவிட்டது என்று அது தீர்மானித்துவிடுகிறது. அதாவது அது அறிவிப்பது பிரத்தியட்சம் அன்று, அனுமானம்.

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது அனுமானத்துக்கு நம் முன்னோர் காலங்காலமாகச் சொல்லிவந்த உதாரணம். அந்த அனுமானம் எவ்வெவ்விடங்களில் வழுவும் என்பதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்த ஆசிரியரான அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்குத் தருக்கம் போதிக்கும்போது, ஏதுப்போலிகளை, அதாவது போலிக் காரணங்களை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றையும் மேலும் பலவாகப் பிரித்துக்கொண்டு போகிறார். காவிய ரசனையைத் தேடி அந்தக் காதைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் களைத்துப்போய்த் திரும்புவார்கள். பழுது பார்க்கிறவன் களைக்க வேண்டியதில்லை. அநைகாந்திகம் என்பது, எதை நிரூபிக்க வந்ததோ அது இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுகிற, ஆகையால் ஒன்றையும் நிரூபிக்க மாட்டாத ஏது. நெம்புகோல் நிமிரவில்லை என்பது அப்படிப்பட்ட ஏதுதான். தாள் நடுவழியில் நின்றாலும் அது நிமிராது; இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்து, முதல் தாளின் வாலும் இரண்டாம் தாளின் தலையும் இடைவெளியின்றிக் கடந்தாலும் நிமிராது; தாளே இல்லாமல், என்றோ கிழிந்துபோன ஒரு துணுக்கு அதன் அச்சில் செருகிக்கொண்டிருந்தாலும் நிமிராது. போதாததற்கு, மைத்தலையைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடுகிற வண்டி எதிலோ தட்டி நின்றால், அதையும் சில இயந்திரங்கள் காகிதச் சிக்கல் என்ற தலைப்பிலேயே அறிவித்துவிடுகின்றன. ஆக, ஒரே விளக்கின் மினுக்கலுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற பல தோஷங்கள் நிற்கின்றன. தாளைப் பிடுங்கி எறிவது அவற்றுள் எதற்கும் பரிகாரம் ஆகாது.

இவற்றுள் மூலாதாரமானதும், எனக்கு ஓயாத வியப்பைத் தருவதும், பல தாள்களிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுக்கும் காரியம். எண்பது கிராம் தாள் என்று நாம் சொல்லுவது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எண்பது கிராம். அந்தச் சதுர மீட்டரைப் பதினாறாக வகுத்தால் ஓர் ஏ4 தாள் கிடைக்கும், ஆகவே அதன் எடை ஐந்து கிராம். ஜெர்மானியர்கள் 1922இல் வகுத்துக்கொண்ட அளவுமுறையின் அழகு இது. பிற்பாடு ஏறக்குறைய உலகமே அதை ஏற்றுக்கொண்டது. ஐந்து கிராம் பாரம் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் மட்டும் தாள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. ஆலையின் வெட்டுக்கத்தி மழுங்கியிருந்தால் விளிம்புகளின் நுண்ணிய பிசிறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. உலர்ந்த நாளில் நிலைமின்சாரம் பிடித்துவைக்கிறது. ஈர நாளில் ஈரமே பிடித்துவைக்கிறது. வங்கியின் காசாளர் நோட்டுக்கட்டை எண்ணும்போது ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு, மேல் நோட்டைக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தள்ளி, இரண்டு வந்துவிட்டால் அக்கணமே உணர்ந்து ஒன்றை உதிர்த்துவிடுகிறாரே, அந்த வித்தை முழுவதையும் ஒரு ரப்பர் உருளையும் ஒரு சிறு பட்டையும் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது, ஸ்பரிச உணர்வு இல்லாமல்.

பழுது பார்க்கிறவர்கள் மேலே இருக்கிற உருளையைப் பிக்கப் ரோலர் என்றும், பல இயந்திரங்களில் அதற்கு எதிராக அமைந்திருக்கும் பட்டையை செபரேஷன் பேட் என்றும் சொல்லுகிறார்கள். உருளை தாளை முன்னே இழுக்கிறது. பட்டை தாளைப் பின்னே பிடிக்கிறது. உருளைக்கும் தாளுக்கும் உள்ள பிடிப்பு எல்லாவற்றிலும் அதிகமாகவும், பட்டைக்கும் தாளுக்கும் உள்ள பிடிப்பு அதைவிடக் குறைவாகவும், தாளுக்கும் தாளுக்கும் உள்ள பிடிப்பு அதையும்விடக் குறைவாகவும் இருக்கும்வரையில், ஒரு தாள் மட்டும் வந்தால் உருளை வென்று அதை உள்ளே அனுப்புகிறது; இரண்டு வந்தால் மேல்தாளை உருளையும் கீழ்த்தாளைப் பட்டையும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த மூன்று பிடிப்புகளின் கிரமம் மாறாதிருப்பதே வீட்டு பிரிண்டரின் ஆரோக்கியம்; எந்த இரண்டு இடம் மாறினாலும் அதுவே ரோகம். உராய்வு அழுத்தும் பாரத்துக்கு ஏற்ப அமையுமேயன்றித் தொடும் பரப்பின் அளவுக்கு ஏற்ப அன்று என்று பிரெஞ்சுக்காரரான கியோம் அமோந்தோன் 1699இல் வகுத்த விதி, மரத்துக்கும் இரும்புக்கும் ஒருவாறு பொருந்தினாலும், இந்த ரப்பரிடத்தில் அப்படியே செல்லாது. ரப்பர் தாளின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி நுழைந்து பற்றுகிறது. மென்மை போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பற்றுவதில்லை.

பெரிய அச்சு இயந்திரங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நம் ஊர் அச்சகங்களில் டிரெடில் அச்சு இயந்திரத்தில் ஆள் நின்று ஒவ்வொரு தாளாகக் கையால் வைத்து எடுத்த காலத்திலேயே, ஹைடல்பர்க் நகரத்து இயந்திரம் காற்றை ஊதித் தாள்களின் விளிம்பைப் பிரித்து, உறிஞ்சுகுழலால் மேல்தாளை மட்டும் தூக்கி, காற்றாலைக் கைபோலச் சுழலும் பிடிகளிடம் கொடுத்தது. அதற்கு மூச்சு இருந்தது என்று சொல்லலாம். மூச்சுக்குப் பம்பு வேண்டும், பம்புக்கு இடமும் விலையும் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற வீட்டு இயந்திரத்துக்கு ரப்பர்தான் வாய்த்தது. மைத்துளியை ஒரு லிட்டரின் லட்சங்கோடியில் சில பங்கு என்ற அளவுக்குச் சிறிதாக்கி, குறித்த இடத்தில் குறி தப்பாமல் விழவைக்கிற அதே பெட்டிக்குள், தாளை எடுக்கும் வேலை மட்டும் தேய்ந்துபோகிற ஒரு ரப்பர் வளையத்தை நம்பி நடக்கிறது என்பது விசித்திரமாகவே படுகிறது.

தாளின் பக்கம் திரும்பினால் விஷயம் இன்னும் விரிகிறது. காகிதம் உயிரற்ற சமதளம் என்று எண்ணுவது பிழை. அது தாவர நார்கள் பின்னிய பாய், காற்றின் ஈரத்தை வாங்கவும் விடவும் ஓயாமல் வேலைசெய்கிற வஸ்து. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு செய்வதானாலும், குளிர் நாடுகளின் ஊசியிலை மரங்களிலிருந்து செய்வதானாலும், ஆலையில் கூழ் ஓடுகிற திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துக்கொள்கின்றன. ஈரம் ஏறினால் ஒவ்வொரு நாரும் நீளவாக்கில் மிக அற்பமாகவும், குறுக்குவாக்கில் அதைப்போலப் பன்மடங்காகவும் உப்புகிறது. ஆகவே தாள் எல்லாத் திசைகளிலும் சமமாக வளராமல் ஒரு பக்கமாகச் சுருளுகிறது. தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கிழித்துப் பார்த்தால், எந்தத் திசையில் கோடு ஏறக்குறைய நேராக ஓடுகிறதோ அதுவே நார் படுத்திருக்கும் திசை. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

காகிதத்தைப் பரீட்சிப்பதற்குச் சர்வதேசத் தரநிர்ணயம் விதித்திருக்கும் சூழ்நிலை 23 பாகை வெப்பமும் நூற்றுக்கு ஐம்பது ஈரப்பதமும் ஆகும். சென்னையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அப்படியொரு நாள் எந்த மாதத்தில் வருகிறது என்று தெரியவில்லை. ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் எண்பதைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நிற்கும்போது, உறையைப் பிரித்துத் தட்டில் அடுக்கிவைத்த தாள் மறுநாள் காலையில் விளிம்புகளில் அலையலையாக நெளிந்து, தொட்டால் அப்பளம்போல் நமுத்துக் கிடக்கிறது. நமுத்த தாளுக்கு விறைப்பு இல்லை. உருளை தள்ளினால் முன்னே போவதற்குப் பதிலாக மடிந்துகொள்கிறது. தாளும் தாளும் பற்றும் பிடிப்பு ஈரத்தால் ஏறிவிடுவதால், மேலே சொன்ன மூன்று பிடிப்புகளின் கிரமமும் குலைகிறது. இந்த நிலையில் மை வேறு ஒரு முகத்தை மட்டும் நனைக்கிறது. இருபுறமும் அச்சிடச் சொல்லியிருந்தால், நனைந்த முகம் காயட்டும் என்று இயந்திரம் சிறிது நின்று, பிறகு அதே தாளை மறுபடியும் உள்ளே வாங்கிப் புரட்டுகிறதே, அந்த இடைவேளை மழைக்காலத்தில் போதுவதில்லை.

நம்மவர்களின் சிக்கனத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒருபுறம் அச்சான தாளை வீணாக்கக்கூடாது என்று எடுத்துவைத்து, மறுபுறத்தில் மெய்ப்புப் படிகளை எடுப்பது சிறுபத்திரிகை நடத்துகிற வீடுகளில் ஏறக்குறைய ஒரு தருமமாகவே அனுசரிக்கப்படுகிறது. அதை நான் குறைசொல்லவும் மாட்டேன். ஆனால் ஒருமுறை மையையோ, லேசர் இயந்திரத்தின் சூட்டையோ அனுபவித்த தாள் தன் சுருளை மறப்பதில்லை. அதன் மூலையில் ஸ்டேப்ளர் முள் குத்திய துளையும், துளையைச் சுற்றிய மேடும், சமயங்களில் முள்ளின் பாதியும் இருக்கும். அப்படிப்பட்ட தாளைப் புதுத்தாள்களுக்கு நடுவே செருகிவைத்தால், பிரிண்டர் புதுத்தாளில் சிக்கிக்கொண்டதாகத் தோன்றும். குற்றவாளி அதற்கு முன்னாலோ பின்னாலோ போயிருப்பான். சிக்கனம் வேண்டுமானால் பழைய தாள்களைத் தனியாகவே வைத்து, தனியாகவே ஓட்ட வேண்டும்.

எங்கள் வீட்டு இயந்திரம் முன்புறத் தட்டிலிருந்து தாளை எடுத்து, பின்புறத்தில் அரைவட்டமாக வளைத்து, மறுபடியும் முன்புறமாகவே வெளியே விடுகிற ரகம். மேசையில் இடத்தை மிச்சப்படுத்துகிறது, தாளைப் பாடாய்ப் படுத்துகிறது. அது சென்ற மழைக்காலத்தில் ஓயாமல் தகராறு செய்தபோது, சென்னை ரிச்சி தெருவில் பிரிண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் இயந்திரத்தைத் திறக்கவில்லை. “சார், இதுவரைக்கும் உருவிப் போட்ட பேப்பரெல்லாம் எங்க? குப்பையில இருந்தா அப்படியே எடுத்துட்டு வாங்க” என்றார்.

எனக்கு விநோதமாக இருந்தது. கூடையைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, எல்லாவற்றின் தலையும் ஒரே பக்கம் இருக்கும்படி வரிசையாகப் பரப்பினார். அப்போதுதான் தெரிந்தது. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும், இடதுபுற விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தலைப்பக்கத்தில், விசிறிபோல் மடிந்த ஒரே மாதிரியான சுருக்கம் இருந்தது.

“எல்லாத்துலயும் ஒரே இடம் பாத்தீங்களா சார்? பேப்பர் மேல தப்புன்னா எடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரே எடத்துல விழுதுன்னா உள்ள ஏதோ ஒக்காந்திருக்கு.”

“நான் மழையினாலதான்னு நெனச்சிட்டிருந்தேன், தம்பி.”

“மழையும்தான். அது அந்த ரெண்டு பேப்பர். தனியா எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க, அதுல மடிப்பே இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தது அது.”

ஒரே விளக்கின் கீழ் இரண்டு நோய்கள் இருந்ததை அவர் இயந்திரத்தைத் தொடாமலே பிரித்து வைத்துவிட்டார். அநைகாந்திகமான ஏதுவைக் கைவிட்டு, வேறொரு ஏதுவைத் தேடிப் போயிருக்கிறார் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்; அவரிடம் சொல்லவில்லை. சிக்கிய தாள் குப்பை அன்று, சிக்கிய இடத்தின் அச்சு. விசிறி மடிப்பு தலைப்பக்கத்தில் விழுந்திருந்தால் தாள் எதிலோ நேராக முட்டியிருக்கிறது. தாள் முழுவதும் சாய்ந்து ஏறியிருந்தால் தட்டிலுள்ள ஓரத் தடுப்புகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது உருளையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. முன்விளிம்பில் கறுப்பு மை தீற்றியிருந்தால் சுருண்ட தாள் எழும்பி மைத்தலையை உரசியிருக்கிறது. மடிப்பே இல்லாமல் தலைப்பக்கத்தில் மங்கலான தேய்ப்புத் தடம் மட்டும் இருந்தால் உருளை பற்றமாட்டாமல் வழுக்கியிருக்கிறது. இவ்வளவு சாட்சியங்களும் கூடைக்குள் கிடக்க, நாம் விளக்கின் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறகுதான் அவர் மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினார். கைப்பேசியின் வெளிச்சத்தில், வளைவுப் பாதையின் இடது ஓரத்தில், மையூறிக் கறுத்த ஒரு முக்கோணத் துணுக்கு, கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு, உருளையின் பின்னால் செருகிக்கொண்டிருந்தது. இடுக்கியால் மெதுவாக எடுத்தார். தரையில் பரப்பியிருந்த தாள்களில் ஒன்றுக்கு இடது மூலை இல்லை. துணுக்கை அங்கே வைத்துப் பார்த்ததும் கிழிசலின் பிசிறுகள் ஒன்றோடொன்று பொருந்தின. பின்னால் வந்த சிக்கல்கள் அத்தனைக்கும் அந்தத் தாள்தான் மூலபுருஷன். இன்று அவசரத்தில் ஒரு மூலையைப் பற்றி இழுப்பதால் கிழிந்து உள்ளே தங்குகிற துண்டு, நாளைய சிக்கலை உண்டாக்குகிறது; நாளைய சிக்கலை இழுக்கும்போது இன்னொரு துண்டு. ஆகையால் தாளை எடுக்கும்போது அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, இரு கைகளாலும் இரு ஓரங்களையும் பிடித்து, நிதானமாக உருவ வேண்டும். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசையில் சேர்த்துவைத்து, முழுத்தாள் கணக்குக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே மூடியை மூட வேண்டும். அப்போது கை தவறியும் தொடக்கூடாதது, மைவண்டி ஓடும் பாதையில் குறுக்கே கட்டியிருக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருங்கிய கோடுகள் அதில் வரைந்திருக்கின்றன, வண்டி தான் எங்கே இருக்கிறோம் என்பதை அவற்றை எண்ணித்தான் அறிகிறது. அதில் ஒரு விரல்ரேகை எண்ணெய் பட்டால் புதிதாக ஒரு தொல்லை கிளம்பும்.

மேல்புறத்துத் தட்டிலிருந்து தாள் எடுக்கும் இயந்திரங்களில் இந்தத் துணுக்கின் ஸ்தானத்தை வேறு பொருள்கள் வகிப்பதுண்டு: பேனா மூடி, கொண்டை ஊசி, குழந்தைகள் போட்ட நாணயம், சென்னை வீடுகளில் சில சமயம் ஒரு பல்லி.

இரண்டாவது நோய்க்கு மழையோடு உருளையும் காரணம் என்று இளைஞர் சொன்னார். “பிக்கப் ரோலர் பளபளன்னு மின்னக்கூடாது சார். மொழுமொழுன்னு இருந்தா அது போயிட்டதுன்னு அர்த்தம்.” காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வெப்பமும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடுகின்றன. அதற்கு மேல், தாளை வெண்மையாக்கச் சேர்க்கும் சுண்ணத் தூளும் நார்ப் பொடியும் படிந்து, பற்ற வேண்டிய மேற்பரப்பை வழவழப்பாக்கிவிடுகின்றன. பொடி மட்டுமானால் மீட்பு உண்டு. பிசிறில்லாத துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, உருளையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் துடைத்துக்கொண்டே வந்தால், துணி வெளுத்த சாம்பல் நிறமாகிறது, உருளை மறுபடியும் கறுத்து மங்குகிறது. அந்த மங்கல்தான் அதன் ஆரோக்கியத்தின் லட்சணம். பட்டையையும் அதேபோலத் துடைக்க வேண்டும், முழுவதும் உலரும்வரை தாளை வைக்கக்கூடாது. தின்னரும் பெட்ரோலும் அன்றைக்கு அதிசயமாகப் பிடிப்பைத் திருப்பிக் கொடுத்து, பிறகு ரப்பரையே உப்பவும் வெடிக்கவும் செய்யும். மணல்தாளால் தேய்ப்பவர்களும் உண்டு. அது வட்டத்தைக் கெடுத்து, நேராகப் போன தாளைச் சாய்ந்து போகவைக்கும் உபாயம் என்பது என் அபிப்பிராயம். இறுகிப்போன ரப்பருக்குப் புது உருளையைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. அந்த உருளையை விற்பனைக்கு வைக்காமல், முழு இயந்திரத்தையே மாற்றிக்கொள்ளச் சொல்லுகிற வியாபார தருமத்தைப் பற்றி அதிகம் சொன்னால் கோபம்தான் வரும். இளைஞர் தம் கடையில் குவிந்து கிடக்கும் செத்த பிரிண்டர்களிலிருந்து உருளைகளைக் கழற்றிச் சேமித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

காகிதச் சிக்கல் ஏதோ வீட்டுக்குள் நடக்கிற அற்ப விஷயம் என்று யாரேனும் நினைத்தால், அதற்குச் சரித்திரம் உண்டு என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1959இல் வெளிவந்த செராக்ஸ் 914 என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் தாள் சூடான பகுதியில் சிக்கினால் தீப்பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், அதனுடன் ஒரு சிறிய தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த உபகரணத்துக்குத் தீயின் பெயரைச் சொல்லாமல் கருகலை நீக்குவது என்று நாசூக்காகப் பெயர் வைத்திருந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அங்கே சிக்கிய தாளுக்கும் நெருப்புக்கும் உள்ள சம்பந்தத்தை அனுமானிக்க வேண்டிய அவசியமே இருந்திராது.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் 1980ஐ ஒட்டி நடந்த ஒரு சம்பவம். அங்கே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலாளர், பழைய அச்சு இயந்திரத்தின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் அச்சுக்காகக் காத்திருப்பவர்கள் அனைவருக்கும் செய்தி போகும்படி செய்து வைத்திருந்தார். தாள் சிக்குவதை அவர் தடுத்துவிடவில்லை. சிக்கியதை உரியவர்கள் அறியச் செய்தார், யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவார். பிறகு செராக்ஸ் நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்த லேசர் இயந்திரம் வந்தது. அதுவும் சிக்கியது; ஆனால் அதன் நிரலின் மூலவடிவம் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் சந்தித்துக் கேட்டபோது, பிறருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னணியாக இந்த மறுப்பையும் சேர்த்தே சொல்வது வழக்கம். இன்று உலகத்தின் எண்ணற்ற கணினிகளை இயக்குகிற கட்டற்ற மென்பொருளின் பூர்வோத்தரத்தில், மாடியில் எங்கோ தனியாக நின்றுகொண்டிருந்த ஓர் இயந்திரத்துக்குள் சிக்கிய தாள் இருக்கிறது. இயந்திரம் எதைக் கொண்டு எதை அனுமானிக்கிறது என்பதை உடையவன் தெரிந்துகொள்ளக்கூடாது என்று விற்றவன் சொல்லலாமா என்பதுதான் அங்கே கேள்வி. என் மேசையின் மேலிருக்கும் பெட்டியில் நெம்புகோல் நிமிரவில்லையா, வண்டி தட்டியதா என்று பிரித்துச் சொல்லும் விவரம் உள்ளே எங்கோ இருந்தும், எனக்கு ஒரு விளக்கை மட்டுமே காட்டுகிறார்களே, அந்த இடத்தில் கேள்வி இன்னும் தீரவில்லை. ரிச்சி தெரு இளைஞர் கூடையைக் கேட்டது, அந்த விவரத்தை வேறு வழியாகப் பெறத்தான்.

எங்கள் இயந்திரம் இப்போது கிரமமாகவே நடக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தடவைக்கு வேண்டிய தாளை மட்டும் தட்டில் வைத்து, மிச்சத்தை அதன் உறைக்குள்ளேயே மடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிடுகிறோம். வைக்கும் முன் தாள்களை நாலு பக்கமும் விசிறி, ஓரங்களைத் தட்டிச் சமன்படுத்தி, பழைய மிச்சத்தின்மேல் புதியதை அடுக்காமல் இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைக்கிறோம். ஓரத் தடுப்புகள் தாளைத் தொட வேண்டும், நெருக்கக்கூடாது. பத்திரிகை அட்டைப்படத்தின் படியை மட்டும் வீட்டில் எடுப்பதில்லை. 250 கிராம் அட்டை அந்த அரைவட்ட வளைவுக்குள் திரும்பாது; பழைய உருளையானாலும் புது உருளையானாலும் அதில் வித்தியாசம் இல்லை, ஆகவே அது திருவல்லிக்கேணியில் உள்ள ஓர் அச்சகத்துக்குப் போய்விடுகிறது.